நீ எழுதிய அம்மா நான் இல்லை

உன் கல்யாணம் நின்றுபோனதற்குக் காரணம் நான்தான் என்று இன்டர்நெட்டில் எழுதி, ஊர் உலகத்துக்கெல்லாம் படிக்கக் கொடுத்திருக்கிறாய். உன் ஆங்கிலம் எனக்கு முழுதாக எட்டாது. உன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகச் சொன்னாள். பழைய காலத்து மனசு ஒன்று புதிய காலத்து மகனைத் தொலைத்துவிட்டது என்று கடைசியில் முடித்திருக்கிறாயாம். கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. சோற்றில் நெளிகிற எதையோ பார்த்த மாதிரி இருந்தது. அதற்குக் கீழே முன்பின் தெரியாத ஆட்கள் உனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். என்னை மன்னித்துவிடும்படி உனக்குப் புத்தி சொன்னவர்களும் உண்டாம். நான் செய்யாத காரியத்துக்கு எனக்கு மன்னிப்பு வாங்கித் தர அத்தனை பேர் கிளம்பியிருக்கிறார்கள்.

இதை உன்னிடம் நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் நேரில் சொன்னால் நீ தலையை ஆட்டிக்கொண்டே கேட்பாய், நன்றாகவே கேட்பாய், ஒரு வாரம் கழித்து அது வேறு உடுப்பு மாட்டிக்கொண்டு உன் இன்டர்நெட் பக்கத்தில் வந்து நிற்கும். அதனால்தான் எங்கள் கம்பெனியில் வேலை பார்த்த பெண்கள் சிலர் சேர்ந்து நடத்தும் இந்தச் சின்னப் பத்திரிகையில் இடம் கேட்டேன். இதில் உன் பெயர் இல்லை. உன் அக்கா பெயரும் இல்லை, உனக்கு நிச்சயம் செய்த அந்தப் பெண்ணின் பெயரும் இல்லை. அச்சுக்குக் கொடுக்கும் முன் அவர்கள் இருவருக்கும் படித்துக் காட்டினேன். உன் அக்கா சில இடங்களை அடிக்கச் சொன்னாள், அடித்துவிட்டேன். அந்தப் பெண் ஒரு இடத்தில் மட்டும், "இன்னும் கொஞ்சம் கோவமா எழுதுங்க அத்தை" என்றாள். கேட்டுவிட்டு எழுதுவது இவ்வளவு சுலபம் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

தனியாக உட்கார்ந்து எழுதிச் சம்பாதிப்பதை நான் கேவலமாக நினைக்கிறவள் இல்லை. நீ வார்ப்புத் தொழிற்சாலையில் டிரெய்னியாக இருந்து, ஆர்டர் இல்லை என்று உங்கள் பேட்ச் முழுவதையும் வெளியே அனுப்பியபோது, பாகலூர் ரோட்டில் அந்த இன்டர்நெட் சென்டரில் போய் உட்கார ஆரம்பித்தாய். டிப்ளமா முடித்துவிட்டு ஓசூருக்கு வேலை தேடி வருகிறவர்களுக்காக எழுதினாய். இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள், எந்த காண்ட்ராக்டர் முன்பணம் வாங்கிக்கொண்டு ஏமாற்றுவான், பெண்கள் தங்க எந்தத் தெருவில் நம்பி ரூம் எடுக்கலாம் என்றெல்லாம். ஓரத்தில் விளம்பரம் வரும், படிக்கிறவர்கள் அதை அழுத்தினால் உனக்குக் கொஞ்சம் காசு. கொஞ்சம்தான் வந்தது. ராயக்கோட்டையிலிருந்து ஒரு பெண் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கே வந்தாள், நினைவிருக்கிறதா? உன் பக்கத்தைப் படித்துத்தான் வேலை கிடைத்தது என்று அந்த மனிதர் தெலுங்கும் தமிழும் கலந்து சொல்லச் சொல்ல, நீ எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த மகனை எனக்குப் பிடித்திருந்தது. இப்போதும் பிடிக்கும், எங்காவது அகப்பட்டால்.

அந்தப் பக்கத்தை யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை என்பதுதான் உனக்கு உறுத்தல். அப்போதுதான் பொங்கலுக்குக் கல்லாவிக்கு என் அண்ணன் வீட்டுக்குப் போனோம். அண்ணி மாட்டுக்குப் புல் அறுத்துக் கட்டி வைத்திருந்தாள். அவளுக்கு இடுப்பு வலி. கட்டைத் தூக்கிக் கொட்டகை வரைக்கும் கொண்டுபோய்ப் போட்டேன், அவ்வளவுதான். புடவை அழுக்காகும் என்று அண்ணியின் பழைய சேலையைச் சுற்றியிருந்தேன், கண்ணாடியைக் கழற்றி ஜன்னலில் வைத்திருந்தேன். நீ புதிதாக வாங்கிய கேமராவில் அதைப் படம் எடுத்தாய். ஊருக்குத் திரும்பி அந்தப் படத்தைப் போட்டு, என் அம்மா பேனா பிடித்ததே இல்லை, அவளுக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் மழை மண்ணில் எழுதுவதுதான் என்று எழுதினாய். அமெரிக்காவில் இருக்கிறவர்களெல்லாம் அழுதார்களாம்.

நீயும் உன் அக்காவும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும்போதே உன் அப்பா போய்விட்டார். அதற்கு முன்னாலிருந்தே நான் மோட்டார் சைக்கிளுக்கு வயர்க்கட்டு செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தேன். லைன் லீடராகி ரிட்டையர் ஆனேன். ஒவ்வொரு ஷிஃப்டும் முடியும்போது எத்தனை கட்டு ஓடியது, எது ஏன் ரிஜெக்ட் ஆனது என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்ட கை இது. உனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்ததும் இதே கைதான். நீ போட்டதை உன் அக்கா படித்துக் காட்டியபோது முதலில் நானும் அவளும் சிரித்தோம். சிரித்து முடித்தபின் எனக்கு என்னவோ போல் இருந்தது. யாரோ நம் துணியை எடுத்துப் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பதைப் பார்க்கிற மாதிரி. சென்டரில் இருந்த உனக்குப் போன் செய்தேன்.

"என்னாடா இது, பேனா புடிச்சதே இல்லைன்னு எழுதியிருக்கறே?"

"அம்மா, அது நீ இல்லம்மா. அது ஒரு கேரக்டர்."

"என் போட்டோவைப் போட்டிருக்கறே."

"படிக்கிறவங்களுக்கு அதாட்டம் ஒரு அம்மா வேணும்மா. கம்பெனியில வேலை பார்த்த அம்மாவை எவன் படிப்பான்? ஊருக்கு ஊரு இருக்காங்க."

எவன் படிப்பான் என்று நீ கேட்டதை நான் மறக்கவில்லை. என் ஆயுசு முழுவதும் நான் செய்ததற்கு நீ சொன்ன விலை அது.

அதற்குப் பிறகு நீ நிற்கவே இல்லை. வாரம் தவறாமல் அந்த அம்மா எதையாவது சொன்னாள். குருவியைப் பார்த்துச் சொன்னாள், அடுப்பைப் பார்த்துச் சொன்னாள், மழை வராவிட்டால் அதற்கும் ஒன்று சொன்னாள். நீ பெங்களூரில் ரூம் எடுத்துக்கொண்டு போனாய். ஓட்டல் ஹால்களில் கூட்டம் போட்டு, தன்னந்தனியாக ஒரு ஆள் தன் பெயரையே எப்படித் தொழிலாக்குவது என்று கட்டணம் வாங்கிக்கொண்டு வகுப்பு எடுத்தாய். உன் கதையைச் சொல், உன் கதைதான் உன் சொத்து என்று சொல்லிக்கொடுத்தாயாம். உன் கதையைச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீ வேலை போனதைச் சொல்லவில்லை, சென்டரில் கூலிங் கிளாஸ் போட்ட பையன்களுக்கு நடுவில் நாள் முழுக்க ஒரு டீயோடு உட்கார்ந்திருந்ததைச் சொல்லவில்லை. அதைச் சொல்ல உனக்கு வெட்கம். எங்களைச் சொல்வதற்கு மட்டும் உனக்கு வெட்கமே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் உன்னோடு காரில் வந்தார்கள். உன் வாசகர்கள் என்றாய். அவர்கள் கார் நிறுத்துவதற்குள் நீ ஓடி உள்ளே வந்து, டிவியின் மேல் துணியைப் போட்டாய். "அம்மா, கண்ணாடியைக் கொஞ்சம் கழட்டி வைம்மா. கீழ உக்காந்துக்கோ, அஞ்சே நிமிஷம்" என்றாய். நான் கழற்றவில்லை, சோபாவிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாள் உள்ளே வந்ததும் கண்ணில் நீர் முட்ட என் காலைத் தொட்டாள். அவள் கணவர் கை கூப்பி, "அம்மா, ஏனாதரு ஹேளி" என்றார். ஏதாவது சொல்லுங்கள் என்கிறார். கோயிலில் சாமி வந்தவரிடம் கேட்பார்களே, அப்படி. நான் கன்னடத்திலேயே, "ஏனு ஹேளலி? காபி குடீத்தீரா?" என்றேன். என்னத்தைச் சொல்ல, காபி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். நீ எழுதிய அம்மாவுக்குக் கன்னடம் தெரியாது போல. அவர் முகம் விழுந்துவிட்டது. கேஸ் அடுப்பையும் மிக்ஸியையும் அந்த அம்மாள் எட்டிப் பார்த்தபோது, வாங்கிய பொருளில் கலப்படம் கண்ட மாதிரி பார்த்தாள். அவர்கள் நல்லவர்கள்தான். நான்தான் அவர்களை ஏமாற்றிவிட்டேன் என்ற உணர்ச்சியோடு அவர்கள் கிளம்பிப்போனார்கள். அந்த உணர்ச்சியை எனக்கு வாங்கித் தந்தவன் நீ. அவர்களை வழியனுப்பிவிட்டு வந்து, "கொஞ்சம் ஒத்துழைச்சா என்னம்மா?" என்று என்னைக் கேட்டாய்.

மசாலாப் பொடி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாக்கெட்டில் என் படத்தைப் போட ஒரு கம்பெனி கேட்கிறது என்றாய். முடியாது என்றேன். சரிம்மா என்றாய். சில மாதம் கழித்து ராயக்கோட்டை ரோட்டு மளிகைக் கடையில் கொத்தமல்லித் தூள் வாங்கப் போனால், ஆணியில் தொங்குகிற பாக்கெட்டில் ஒருத்தி சிரிக்கிறாள். தலையில் புல்லுக்கட்டு. மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. என் முகத்தைப் பார்த்து யாரோ வரைந்திருக்கிறார்கள், கன்னத்து மச்சம்கூட இருக்கிறது. கடைக்காரர் பாக்கெட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பாவம், வேறு கம்பெனிப் பொடியை எடுத்துக் கொடுத்தார்.

இதையெல்லாம் நான் விழுங்கிக்கொண்டேன். என் முகம், என் பெயர், நான் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உன் அக்கா விஷயம் அப்படி இல்லை.

அவள் பெங்களூரில் புருஷன் வீட்டிலிருந்து வந்தது ஒரு மத்தியான நேரம். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் வந்தாள். கையில் பை இருந்தது, காலில் செருப்பு இருந்தது, உதட்டோரம் கிழிந்திருந்தது. இதற்கு முன்பும் அடித்திருக்கிறான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நான் சொன்னது இவ்வளவுதான்: "உள்ள வா. கதவைச் சாத்து. இனிமே அவன் இந்த வாசப்படி ஏறட்டும், பார்க்கறேன்." அவளுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தேன். சூடாகக் குடிக்க முடியவில்லை, ஆற்றிக் கொடுத்தேன். நானும் அவளும் மட்டும் இருந்த வீடு அது. நீ அங்கே இல்லை.

அந்த வாரக் கடைசியில் நீ வந்தாய். அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாய். அவள் என்னிடம்கூடச் சொல்லாததை உன்னிடம் சொன்னாள். நீ குறுக்கே பேசவில்லை, அவசரப்படவில்லை, அவள் அழுது முடிக்கும் வரைக்கும் காத்திருந்தாய். சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, பரவாயில்லை, எனக்குப் பின்னால் இவளுக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்று மனசு நிறைந்தது. நீ பெங்களூர் போய்ச் சேர்ந்த கையோடு அது அத்தனையும் உன் பக்கத்தில் ஏறிவிட்டது. ஜன்னலோரம் அவள் திரும்பி உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று. எப்போது எடுத்தாய் என்று அவளுக்கே தெரியாது. செருப்பில்லாத காலோடு வந்தாள் என்று எழுதியிருந்தாய். வந்தவளை உன் அம்மா தடவிக்கொடுத்து, "பூமி ஏரை வெறுக்குமா மகளே? கீறினால்தான் விளையும். பொறுத்துப் போ" என்று சொன்னாளாம். அதைக் கேட்டுத் தம்பி எழுந்து நின்று, இல்லை அம்மா, என் அக்கா நிலம் இல்லை என்று சொன்னானாம்.

இந்தப் பொய்யை நான் பலமுறை புரட்டிப் பார்த்துவிட்டேன். நீ நல்லவனாகத் தெரிவதற்கு யாராவது ஒருத்தர் கெட்டவராக வேண்டியிருந்தது. அக்காளை அடித்தவனைக்கூட நீ அவ்வளவு கெட்டவனாக்கவில்லை, அவனைப் பற்றி நாலு வரிதான். பெற்ற தாயைப் பலி கொடுத்தால்தான் பார்க்கிறவர்களுக்குச் சுவை என்று உனக்குத் தெரிந்திருந்தது. உன் கணக்கு தப்பவில்லை. நீ எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான் என்று பெருமையாகச் சொன்னாய். அக்கா போன் செய்து அழுதபோது, "பேரு போடலியேக்கா, யாருக்குத் தெரியப்போவுது?" என்றாய்.

தெரிந்தது. அவள் புருஷன் ஆபீசில் ஒருவன் உன் வாசகன். அக்காவின் விவாகரத்து வழக்கில் கிருஷ்ணகிரி கோர்ட்டில் எங்களைக் கவுன்சிலிங்குக்குக் கூப்பிட்ட அன்று, சின்ன அறை, மேசைக்கு அந்தப் பக்கம் ஆலோசகர் அம்மா, இந்தப் பக்கம் நாமும் அவர்களும். எதிர்த்தரப்பு வக்கீல் உன் எழுத்தை அச்செடுத்து வைத்திருந்தார். நிறுத்தி நிதானமாகத் தமிழில் மொழிபெயர்த்துப் படித்தார். ஏர், பூமி எல்லாம் வந்தது.

"பாருங்க மேடம். பெத்த தாயே பொறுத்துப் போன்னுதான் சொல்லியிருக்காங்க. பொண்ணும் போயிருக்கும். இந்தத் தம்பிதான் நடுவுல புகுந்து குடும்பத்தைப் பிரிச்சிருக்காரு. செருப்பில்லாம வந்துச்சுன்னு எழுதியிருக்கு. அன்னிக்கு அந்தப் பொண்ணு பஸ் ஏறும்போது செருப்போட பார்த்தவங்க இருக்காங்க. செருப்பே பொய்யின்னா அடி மட்டும் எப்படி நிஜம்?"

உன் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் உடம்பில் பட்ட அடி, உன் எழுத்தில் பட்டுப் பொய்யாகிவிட்டது. நான் எழுந்து, "நான் அப்படிச் சொல்லவே இல்லீங்க" என்றேன். ஆலோசகர் அம்மா என்னைப் பார்த்தார், பிறகு உன்னைப் பார்த்தார். "நீங்கதான் எழுதினவரா? உங்க அம்மா இதைச் சொன்னாங்களா, இல்லையா?"

ஒரு வார்த்தை. இல்லை. அவ்வளவுதான் நீ சொல்ல வேண்டியிருந்தது. உனக்கு அடுத்த மாதம் ஏதோ புத்தகக் கம்பெனியோடு ஒப்பந்தம் இருந்தது. இட்டுக்கட்டியது என்று அந்த அறையில் ஒப்புக்கொண்டால், அது வெளியே போனால், உன் பெயர் போய்விடும். "அப்படியே வார்த்தைக்கு வார்த்தை இல்லீங்க மேடம்... அம்மா பேசுறதோட சாராம்சம் அது" என்றாய்.

சாராம்சம். அந்தச் சொல்லை இப்போது எழுதும்போதும் என் நாக்கில் கசக்கிறது. உன்னைப் பார்க்கவே எனக்குக் கூசியது. கண்ணைத் திருப்பிக்கொண்டு அந்த அம்மாவிடம் சொன்னேன்: "என் மவன் எழுதறது பொய்யிங்க. காசுக்காக எழுதறான். என் பொண்ணு அடி வாங்குனது நெஜம். ஒதடு கிழிஞ்சதுக்கு மருந்து போட்டவ நானு." நீ அங்கேயே எழுந்து வெளியே போய்விட்டாய். ஆலோசகர் அம்மா மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு உன் அக்காவிடம் தனியாகப் பேசினார். ஆனாலும் அந்தக் காகிதம் வழக்கை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு வாய்தாவிலும் அந்த வக்கீல் அதையே தூக்கிக் காட்டினார். சீக்கிரம் முடிந்திருக்க வேண்டியது இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் தீர்ப்பு அவள் பக்கம்தான் வந்தது. இன்று ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறாள், ஸ்கூட்டி ஓட்டுகிறாள், சத்தம் போட்டுச் சிரிக்கிறாள். ஆனால் யாராவது பரிவாகக் கையைப் பிடித்தால் இழுத்துக்கொள்கிறாள். அது அவள் புருஷன் கொடுத்தது இல்லை.

நீ அந்தப் பதிவைச் சில நாள் எடுத்து வைத்திருந்தாய். பிறகு திரும்பப் போட்டுவிட்டாய். படித்தவர்கள் கேட்கிறார்கள் என்றாய்.

இனி அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். தருமபுரிப் பக்கம், படித்து உத்தியோகத்தில் இருக்கிற பெண். நிச்சயத்துக்கு நான் வந்தேன், தட்டு மாற்றினேன், அவளை எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு அப்புறம் ஒரு நாள் அவள் மட்டும் தனியாக பஸ் பிடித்து வந்தாள். சாப்பிட்டாள், உன் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தாள், கிளம்பும் நேரத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அத்தை, ஒண்ணு கேக்கலாமா? அவரு என்னைப் பத்தியும் எழுதுவாரா?"

நீ இப்போது ஊரெல்லாம் சொல்கிறாயே, நான் உன்னைப் பற்றி அவளிடம் போட்டுக்கொடுத்தேன் என்று, நான் சொன்னது இதுதான்: "அதை அவன்கிட்டயே கேளு கண்ணு. நேராக் கேளு." வழக்கைப் பற்றிச் சொல்லவில்லை, பொடியைப் பற்றிச் சொல்லவில்லை. உன் அக்கா பக்கத்தில்தான் நின்றாள், அவளும் வாய் திறக்கவில்லை. உனக்கு ஒரு வாய்ப்பு இருக்கட்டும் என்று நாங்கள் இருவருமே நினைத்தோம் போல.

அவள் கேட்டாள். அவள் வீட்டில் ஒரு பெரிய துக்கம் நடந்திருக்கிறது. அது என்ன என்று நான் எழுத மாட்டேன். அதை உன்னிடம் சொல்லி, என்னையும் என் வீட்டையும் பற்றி எப்போதும் எழுத மாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள் என்று கேட்டிருக்கிறாள். நீ சத்தியம் செய்தாய். உண்மையாகத்தான் செய்திருப்பாய், அதையும் நான் நம்புகிறேன். அப்புறம் ஒரு வாரம் உனக்கு எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. 'எழுதாதே என்று என்னைக் கேட்டுக்கொண்ட பெண்' என்று தலைப்புப் போட்டு, அவள் கேட்டதையும் நீ சத்தியம் செய்ததையும், ஏன் கேட்டாள் என்பதையும் எழுதிவிட்டாய். அவள் வீட்டுத் துக்கம் முதல் பாராவிலேயே இருந்தது. அவளை எவ்வளவு உயர்த்தி எழுதியிருக்கிறேன் பார் என்று நீயே அவளுக்கு அனுப்பியும் வைத்தாய்.

அவள் எனக்குப் போன் செய்தபோது அழவில்லை. "அத்தை, மண்டபத்துக்கு வேணாம்னு சொல்லிட்டோம். எங்கப்பா நாளைக்கு உங்ககிட்ட பேசுவாரு. நான் முதல்ல உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு" என்றாள். நான், "சரி கண்ணு" என்றேன். "உங்களுக்குக் கோவம் இல்லியே?" என்றாள். "உம்மேல இல்ல" என்றேன். இதுதான் நான் உன் கல்யாணத்தை நிறுத்திய கதை.

போன வாரம் நீ வந்து வாசலில் நின்று கத்தினாய். அந்தப் பெண்ணிடம் பேசும்படி என்னைக் கேட்டாய், அம்மா சொன்னால் கேட்பாள் என்றாய். எந்த அம்மா என்று கேட்டேன். அவளுக்குத் தெரிந்த அம்மா நான், நான் வாயைத் திறந்தால் உனக்கு உதவியாக இருக்காது, உனக்கு உதவி செய்கிற அம்மா உன் எழுத்தைத் தவிர எங்கேயும் இல்லை. அப்போது நீ கதவைப் பிடித்துக்கொண்டு, கத்தாமல், சின்னக் குரலில் கேட்டாய்: "நான் எழுதறதை விட்டுட்டா என்னை யாரும்மா பார்ப்பாங்க?"

அந்தக் கேள்வி எனக்கு இரக்கத்தை வரவழைத்திருக்க வேண்டும். எனக்கு வந்தது அருவருப்புதான், மறைக்க மாட்டேன். இத்தனைக்கும் பிறகு, எங்கள் மூன்று பேரையும் இழுத்துச் சந்தியில் விட்ட பிறகு, உனக்கு வந்த கேள்வி இது. கதவைச் சாத்திவிட்டேன். சாத்திவிட்டு உட்கார்ந்தபோதுதான், நீ இத்தனை வருடத்தில் அலங்காரம் இல்லாமல் பேசிய முதல் வார்த்தை அது என்று உறைத்தது. அது பயந்துபோனவன் கேட்கிற கேள்வி. அருவருப்பு அதனால் குறையவில்லை. ஆனால் அதோடு கூட இன்னொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பெயர் வைத்தால் நீ தூக்கிக்கொண்டு போய்விடுவாய், அதனால் பெயர் வைக்கவில்லை.

உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். உன் பெயரை வைத்துப் பிழைத்துக்கொள், தப்பில்லை. உன்னுடையதை விற்றுக்கொள். உனக்குத் தெரிந்ததை, உன் தோல்வியை, உன் பயத்தை, அந்தச் சென்டரில் உட்கார்ந்திருந்த பகலை விற்றுக்கொள். எவன் படிப்பான் என்று கேட்காதே, ராயக்கோட்டைப் பெண் படித்தாள். அடுத்தவர் அழும்போது பிடித்த கையை மட்டும் சந்தைக்குக் கொண்டுபோகாதே. அக்காவைப் பற்றி எழுதியதை எடுத்துவிடு, அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியதையும் எடுத்துவிடு. எடுத்துவிட்டேன் என்று அதைப் பற்றி ஒரு பதிவு போடாதே. கோர்ட்டில் சொல்லாத அந்த ஒரு வார்த்தையை அக்காவிடம் வந்து சொல். அவள் கேட்டுக்கொள்வாளா, எழுந்து உள்ளே போய்விடுவாளா என்பது அவள் இஷ்டம். உனக்காக நான் அவளிடம் பரிந்து பேச மாட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. களியும் கீரைக் கடைசலும் செய்வேன். வருவதானால் கேமராவைப் பெங்களூரிலேயே வைத்துவிட்டு வா. உட்கார், சாப்பிடு. சாப்பிடும்போது நான் உன்னிடம் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது. நல்ல வார்த்தையாக இருக்காது.